பழைய பக்கெட்டும் ஒரு ‘ஆம்ரா’வும்

நீங்கள் சித்தப்பா முறையில் காக்கு என்று கூப்பிடுகிற கீழ்வீட்டுக்காரர் டாக்சியில் ஏறப்போன காலையில் உங்கள் அம்மா பால்கனியிலிருந்து தமிழில் ஏதோ சொன்னாள். அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு, காய்கறிப் பையோடு கேட்டருகே நின்றிருந்த என்னிடம், “உன் வீட்டம்மா என்ன சொல்றாங்க?” என்று வங்காளத்தில் கேட்டார். நான் பதில் சொல்லாமல் படியேறி வந்துவிட்டேன். நீங்கள் இருவரும் மேலே நின்று அதைப் பார்த்தீர்கள்.

“சொல்லியிருக்கலாமேப்பா, அம்மா நல்லதுதானே சொன்னா?” என்று பெரியவள் கேட்டாள். சின்னவன் எதுவும் கேட்கவில்லை. சாப்பிடும்போது தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு பக்கம் போய் உட்கார்ந்துகொண்டான். காக்கு வீட்டுப் பையன் இவனுடைய கேரம் கூட்டாளி.

வாயால் சொன்னால் எனக்குக் கோபம் வந்து பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால் எழுதுகிறேன். நான் கரக்பூரில் ஐ.டி.ஐ. வரை படித்தவன். உங்களுக்குத் தமிழைவிட வங்காளம் வேகமாக வாசிக்க வரும். மெதுவாக வாசியுங்கள்.

உங்கள் காக்குவை நான் தாதா என்று கூப்பிடுவேன். இந்தக் கொல்கத்தாவில் அது அண்ணன். நம் ஆட்கள் ரவுடிக்குச் சொல்கிற தாதா வேறு. அவர் விஷயத்தில் எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது. லேக் கார்டன்ஸில் நம் வீட்டுக்குக் கீழே அவர் வீடு. சால்ட் லேக்கில் அவருக்கும் எனக்கும் ஒரே கம்பெனி, ஒரே அறை. காலையில் நான் பஸ் ஸ்டாப்பில் நிற்பேன். அவருடைய ஸ்கூட்டர் என் கால்விரலை ஒட்டிப் போகும். பின்சீட்டில் மழைக்கோட்டுப் பை ஒன்று சௌகரியமாக உட்கார்ந்து போகும். ஒருநாள்கூட அவர் திரும்பிப் பார்த்ததில்லை.

தண்ணீர் மோட்டாரின் சுவிட்ச் அவர் வாசலில் இருக்கிறதே, அதற்கும் ஒரு கதை உண்டு. நாம் குளிக்கிற நேரம் பார்த்துத்தான் அதை அணைப்பார். ஏன் என்று கேட்கப் போனால், “ரெண்டு வேளை குளிக்கிறீங்களே ஆன்னா, உங்க வீட்டுக்குக் கங்கையே பத்தாது” என்பார். ஆன்னா என்றால் நம் அண்ணாதான். அவர் வாயில் அது மரியாதைச் சொல் அல்ல.

நான் செய்கிற வேலை என்ன என்று பள்ளிக்கூடத்தில் கேட்டால் நீங்கள் ‘கம்ப்யூட்டர்’ என்று சொல்லிவிடுகிறீர்கள். கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், இல்லாவிட்டால் மிச்சம் புரியாது. மருந்துகளைக் குளிரில் வைக்கிற கிடங்குகள் பல ஊர்களில் இருக்கின்றன. ஒவ்வொரு கிடங்கிலும் உள்ள கருவி, அங்கே எவ்வளவு குளிர், கதவு எப்போது திறந்தது என்று ஓயாமல் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். எங்கள் மெஷின்கள் அதை வாங்கி, கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கிற மாதிரி வரிசைப்படுத்தி வைக்கும். ஒரு மருந்து கெட்டுப்போனது என்று யாராவது புகார் செய்தால், அது இருந்த கிடங்கில் அந்த நாளில் குளிர் சரியாக இருந்ததா என்று பார்க்க வேண்டுமே, அதற்குத்தான்.

இப்படி வருகிற செய்திகளைக் கட்டுக்கட்டாகப் போட்டு வைக்கிற இடத்துக்கு பக்கெட் என்று பெயர். தாதா வங்காளத்தில் பால்ட்டி என்பார். ஒவ்வொரு பக்கெட்டுக்கும் மூன்று நகல்கள், மூன்று மெஷின்களில் இருக்கும். ஒரு மெஷின் செத்தால் மற்ற இரண்டும் கைகொடுக்கும். எல்லாம் சரிதான். ஆனால் மூன்றும் ஒரே அறையில் இருந்தன. சால்ட் லேக்கில் மழைக்காலத்தில் தண்ணீர் எவ்வளவு ஏறும் என்று உங்களுக்குத் தெரியும். ஒருமுறை எங்கள் அறை வாசல்வரை வந்துவிட்டது. தாதாவும் நானும் பேசிக்கொள்ளாமலே மணல்மூட்டை போட்டோம்.

அதற்குப் பிறகுதான் மேலிடத்துக்குப் பயம் வந்தது. இனிமேல் எல்லாம் இரண்டு ஊரில் இருக்க வேண்டும் என்றார்கள். சைட் ஒன்று கொல்கத்தா, சைட் இரண்டு சென்னை. இங்கே இரண்டு நகல்கள், அங்கே ஒன்று. கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. கூடவே ஒரு செய்தியும் வந்தது. சென்னையில் எல்லாம் நிலையாக நின்றுவிட்டால் கொல்கத்தா அறைக்கு இரண்டு ஆள் தேவையில்லை, ஒரு ஆள் போதும். அந்த ஒரு ஆள் யார் என்பதைப் பிறகு சொல்வார்களாம்.

தாதா கம்பெனியின் நிரந்தர ஊழியர், இன்ஜினியர், அந்த வேலையை உண்மையாகவே கரைத்துக் குடித்தவர். நான் கான்ட்ராக்ட். எந்தத் தலை உருளும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பெரியவளுக்கு போர்டு பரீட்சை வருகிற வருஷம் அது. வேலை போனால் இந்த வீடும் போகும், அந்தப் பள்ளிக்கூடமும் போகும். ராத்திரியெல்லாம் அம்மாவும் நானும் கிசுகிசுவென்று பேசிக்கொண்டது ஏன் என்று இப்போது தெரிகிறதா?

சென்னையில் இந்த வேலைக்குத் தலைமை ஒரு பெண். கெட்டிக்காரி, நாக்கும் கூர்மை. மீட்டிங்கில் தாதாவிடம் இங்கிலீஷிலும் என்னிடம் தமிழிலும் பேசுவாள். ஒருநாள் ஏதோ கேட்டாள், நான் திரையைத் தேடிக்கொண்டே, “ஒரு நிமிஷம் ருக்குங்க மேடம்” என்றேன். நம் வீட்டில் அப்படித்தானே சொல்கிறோம், கொஞ்சம் நில்லுங்கள் என்பதற்கு, இந்தி ‘ருக்’கைத் தமிழாக்கி.

“ருக்குவா? யாரு சார் அது, உங்க வைஃபா?” என்றாள். அந்தப் பக்கம் நாலு பேர் சிரிக்கிற சத்தம் கேட்டது. “உங்க தமிழ எந்தக் கடையில வாங்கினீங்க சார்?”

இங்கே மதராஸி, அங்கே ருக்கு.

அவள் என்னோடு தமிழில் பேசுவது தாதாவுக்குப் பொறுக்கவில்லை. போனை வைத்ததும் நாற்காலியைத் திருப்புவார். “என்ன பேசினீங்க? என்னைப் பத்தியா?”

“உங்களைப் பத்திப் பேச என்ன தாதா இருக்கு?”

“உங்க ஊர்க்காரி. உன்னத்தான் வேலைல வச்சுக்குவா. தெரியாதா எனக்கு?”

அவள் என்னைக் கேலி செய்து சிரித்ததை நான் அவரிடம் சொல்லவில்லை. பயந்துகொண்டே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் மாற்றத்தைச் செய்தோம். இப்போது இரண்டு ஊர் இருக்கிறது என்று முதலில் தலைமை மெஷினுக்குச் சொல்ல வேண்டும். பிறகு ஒவ்வொரு மெஷினுக்கும் நீ எந்த ஊர் என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது சேராது, வெளியே நிற்கும். தாதா தட்டினார், நான் பக்கத்தில் நின்று ஒவ்வொரு மெஷினும் திரும்ப எழுந்ததா என்று பார்த்துச் சொன்னேன். “எத்தனை காப்பி தாதா?” என்று நடுவில் கேட்டேன்.

“மூணு காப்பி. உடனே டம்ளரத் தூக்கிட்டு வந்துடாதே ஆன்னா” என்றார்.

சாயங்காலத்துக்குள் சென்னையில் முதல் பக்கெட் வந்து இறங்கியது. அந்தப் பெண் கைதட்டினாள். நான் தட்டவில்லை. என் வேலையை என் கண் முன்னாலேயே பெட்டி கட்டி அனுப்புகிற மாதிரி இருந்தது.

சில வாரம் கழித்து ஒத்திகை வைத்தார்கள். கொல்கத்தாவைக் கொஞ்ச நேரம் துண்டித்துவிட்டு, சென்னை தனியாகப் பதில் சொல்கிறதா என்று பார்ப்பது. என்ன கேள்வி கேட்பது என்பதைத் தாதா தேர்ந்தெடுத்தார். போன வாரக் கணக்கு, முந்தாநாள் கணக்கு. எல்லாவற்றுக்கும் பதில் பளிச்சென்று வந்தது. தாதா டீ குடிக்க எழுந்து போனார். அந்த நேரத்தில் சிலிகுரி கிடங்கிலிருந்து போன். வழக்கமாகக் கேட்பவர்தான். போன வருஷம் துர்கா பூஜை வாரத்தில் ஒரு குளிர் அறை எப்படி இருந்தது என்று கேட்டார். நான் சென்னையிடம் கேட்டுப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. தேதியைத் தப்பாகப் போட்டேனோ என்று திரும்பப் போட்டேன். காலி. அதற்கு முந்திய வருஷத்தைப் போட்டேன். அதுவும் காலி.

தாதா உள்ளே வந்து என் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தார். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

“எழுந்து வா” என்றார்.

கீழே ரோட்டோர டீக்கடைக்குக் கூட்டிப் போனார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக எனக்கு ஒரு மண்குவளையில் டீ வாங்கிக் கொடுத்தார். இஞ்சி போட்டது.

“புதுச் சட்டம் புதுசாப் பொறக்குற பால்ட்டிக்குத்தான்” என்றார். “மாத்தறதுக்கு முன்னாடி பொறந்தது பழைய சட்டப்படிதான் இருக்கும். பொறந்த ஊரை விட்டு நகராது. நாமளாச் சொன்னாத்தான் நகரும். சொல்றதுக்கு ஒரே ஒரு வரி. நான் அதைத் தொடல.”

“மறந்துட்டீங்களா?”

“நான் எதையும் மறக்கிறவனா?” குவளையை உருட்டினார். “யோசிச்சுப் பாரு. பழைய பால்ட்டி இங்க இருக்கிற வரைக்கும் இந்த ரூமை மூட முடியாது. ஆளையும் குறைக்க முடியாது. சிலிகுரிக்காரன் கேட்டா இங்கேர்ந்து எடுத்துக் கொடுத்துடலாம். எவனுக்குத் தெரியப்போகுது? அது இருந்தா ஆம்ராவும் இருப்போம்.”

ஆம்ரா. உங்களுக்கு அந்தச் சொல் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? தமிழில் எதிரில் நிற்பவனைச் சேர்த்துச் சொன்னால் நாம், அவனை விட்டுவிட்டுச் சொன்னால் நாங்கள். வங்காளத்தில் இரண்டுக்கும் ஆம்ரா ஒன்றுதான். பிறந்ததிலிருந்து இந்த பாஷையைப் பேசுகிறேன். அன்றுதான் அது எனக்கு உறுத்தியது.

“தாதா, இந்த ஆம்ராவுல நான் உண்டா?” என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். “இப்போதைக்கு உண்டு” என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“சும்மா இருங்க” என்றாள். “அவர் சொல்றதுல என்ன தப்பு? ரெண்டு பேருக்கும் வேலை நிக்குது.”

“தண்ணி ஏறி அந்த மெஷின் நனைஞ்சா? பழசு மொத்தமும் போயிடும்டி.”

“நனைஞ்சா அப்பப் பாத்துக்கலாம். இத்தனை வருஷமா அந்த ஆளைத் திட்டுனீங்க. இன்னிக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்தாரு, அதுக்கும் திட்டா?”

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. இரண்டு மூன்று நாட்கள் நானும் சும்மா இருக்கத்தான் நினைத்தேன். தாதா அந்த நாட்களில் மோட்டாரைக்கூட அணைக்கவில்லை. படியில் பார்த்தால் தலையசைத்தார். அவர் முறைத்தபோது எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது. அவர் தலையசைக்க ஆரம்பித்ததும் தூக்கம் போய்விட்டது. இந்த மனிதர் கையில் என் கழுத்தைக் கொடுத்துவிட்டேனே என்று இருந்தது.

பிறகு அந்த மீட்டிங். ஒத்திகை முடிந்தது, இனி மேலிடத்துக்கு எழுதி அனுப்ப வேண்டும். சென்னைப் பெண் தாதாவிடம் கேட்டாள், பழசு புதுசு எல்லாமே இரண்டு ஊரிலும் இருக்கிறதா என்று. தாதா இங்கிலீஷில் சொன்னார், இருக்கிறது, நாங்கள் இருவரும் உட்கார்ந்து பார்த்துவிட்டோம் என்று. சொல்லும்போது என் தோளில் கையை வைத்தார்.

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாளைக்கு வெள்ளம் வந்து, பழைய கணக்கு போய், யாராவது பெரிய ஆள் வந்து யாருடைய தப்பு என்று கேட்டால், அந்த ‘இருவரில்’ ஒருவர் நிரந்தரம், ஒருவன் கான்ட்ராக்ட். அப்போது அவருடைய ஆம்ராவில் நான் மட்டும்தான் மிஞ்சியிருப்பேன். தோளில் கிடந்த அந்தக் கை எனக்கு அதைத்தான் சொன்னது.

அந்தப் பெண் தமிழுக்கு மாறினாள். “சார், நீங்களும் பாத்தீங்கதானே? சொல்லுங்க, ருக்கவெல்லாம் முடியாது.”

வங்காளமாக இருந்தால் வழவழவென்று ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். தமிழில் பார்த்தோம் என்றால் நானும் உள்ளே. பார்த்தார் என்றால் நான் வெளியே. பார்த்தாச்சு என்று மழுப்பினால் யார் என்று கேட்பாள், நடுவில் நிற்க இடமில்லை.

“அவர் பாத்தாரு மேடம்” என்றேன். “நான் பாத்தப்போ புதுசு மட்டும்தான் வந்துச்சு. பழசு எதுவும் அங்க வரல.”

பிறகு அவள் இங்கிலீஷில் தாதாவிடம், “பழைய பக்கெட்டைப் பிடித்து வைக்கிற அந்த ஒரு வரியை நீங்கள் மாற்றவே இல்லையா?” என்று கேட்டாள். அப்படி ஒரு வரி உண்டு என்பது அவளுக்கும் தெரிந்தே இருந்தது. அவர் மாற்றியிருப்பார் என்று நம்பியிருந்தாள், அவ்வளவுதான். தாதா, பிறகு மாற்றலாம் என்று வைத்திருந்தேன் என்றார். அவர் கை என் தோளிலிருந்து எப்போது போனது என்று தெரியவில்லை.

அவள் அப்போதே மாற்றச் சொன்னாள். கீபோர்டு உடைந்துவிடும் போலத் தட்டினார். தட்டி முடித்து என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: “உன் பாஷையில போட்டுக் கொடுத்தே இல்ல? என் முன்னாடியே.”

“நீங்க என்னைக் கேக்காம என்னைச் சேத்தீங்க. நான் உங்களைக் கேக்காம விலகிட்டேன்” என்றேன்.

“டீயைக் குடிச்சுட்டு.”

அடுத்த நாள் அதே கடையில் ஒரு டீ வாங்கி அவர் மேஜையில் வைத்தேன். அவர் தொடவில்லை. மாலைவரை ஆடை கட்டி அங்கேயே இருந்தது.

பழைய பக்கெட்டுகள் கிளம்பின. மெஷின்கள் நாள்கணக்கில் மூச்சு வாங்கின, ஏசி முனகிக்கொண்டே இருந்தது. சிலிகுரிக்காரர் கேட்ட பூஜை வாரக் கணக்கை ஒருநாள் சென்னையிலிருந்தே எடுத்துப் பார்த்தேன். வந்தது. மருந்துக்காகத்தான், நோயாளிக்காகத்தான் நான் வாயைத் திறந்தேன் என்று உங்களிடம் பெருமையாகச் சொல்ல ஆசைதான். அந்த நேரத்தில் என் மனசில் எந்த நோயாளியும் இல்லை. என் தோளில் இருந்த கைதான் இருந்தது. ஆனாலும் கணக்கு இரண்டு ஊரிலும் இருப்பது நல்லதுதான். இரண்டையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.

கம்பெனி முடிவு பூஜை கழிந்து வந்தது. என்னை அனுப்பிவிடுவார்கள் என்று அம்மா பாத்திரங்களைக்கூடக் கணக்குப் பார்க்க ஆரம்பித்திருந்தாள். அவர்கள் கணக்கு வேறு மாதிரி இருந்தது. இங்கே விளக்கு எரிகிறதா, ஏசி ஓடுகிறதா, மெஷின் எழுந்து நிற்கிறதா என்று பார்க்க ஒரு ஆள் போதும். அதற்கு விலை குறைந்த ஆளாக இருந்தால் நல்லது. வேலை தெரிந்தவர் இனி சென்னையில் இருக்க வேண்டும். பழைய பக்கெட் எல்லாம் அங்கே போய்விட்டதல்லவா, அதன் பின்னாலேயே தாதாவும் போக வேண்டியதுதான் என்று ஆகிவிட்டது.

விஜயாவுக்கு, அதாவது பூஜை முடிகிற விஜயதசமிக்கு, இந்த வீட்டில் எல்லோரும் எல்லோரையும் கட்டித் தழுவுவார்களே, தோள் மாற்றித் தோள் மாற்றி மூன்று முறை. இந்த வருஷம் அவர் படியேறி வரவில்லை. நானும் இறங்கிப் போகவில்லை. அவர் மனைவி, உங்கள் காக்கிமா மட்டும் தேங்காய் உருண்டையை உங்கள் கையில் கொடுத்தனுப்பினாள். நீங்கள் தின்றீர்கள். நான் தொடவில்லை. அதையும் பார்த்திருப்பீர்கள்.

கிளம்புகிற காலையில் கேட்டருகே என்னைப் பார்த்ததும் நின்றார். காக்கிமாவும் பையனும் இங்கேயே இருக்கிறார்கள், பையன் படிப்பு முடிகிறவரை. அவர் கண் சிவந்திருந்தது.

“உன் ஊருக்கு நான் போறேன்” என்றார். “என் ஊர்ல நீ இரு. சந்தோஷம்தானே?”

“நான் பொறந்தது கரக்பூர் தாதா. சென்னையில எனக்குப் படுக்க ஒரு பாய்கூடக் கிடையாது.”

“அப்ப யாரோட ஊரு அது?”

“போய்ப் பாத்துட்டுச் சொல்லுங்க.”

டாக்சிக்காரன் ஹார்ன் அடித்தான். அவர் கதவைத் திறந்தபடி, “ஜாச்சி” என்றார்.

போகிறேன் என்று. இந்த ஊரில் யாரும் வாசலில் நின்று அதைச் சொல்ல மாட்டார்கள், வருகிறேன் என்று பொருள்பட ஆஷி என்றுதான் சொல்வார்கள். நாமும் அப்படித்தான், போயிட்டு வரேன் என்போமே தவிரப் போறேன் என்று வாயால் சொல்ல மாட்டோம். அவர் வேண்டுமென்றே சொன்னார். எனக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னார். மேலே அம்மாவுக்கும் அது கேட்டுவிட்டது. அவளால் பொறுக்க முடியாமல் வாயில் வந்தது தமிழ்தான்: “போயிட்டு வாங்கண்ணா.”

அவர் அந்த அண்ணாவை மட்டும் கண்டுபிடித்துவிட்டார். தான் என்னைக் கேலி செய்கிற சொல்லால் அவள் தன்னைக் கேலி செய்கிறாள் என்று நினைத்துவிட்டார். முகம் இறுகியது. அப்போதுதான் என்னிடம் கேட்டார், என்ன சொல்கிறாள் என்று.

நான் சொல்லியிருக்கலாம். எனக்கு இரண்டு பாஷையும் தெரியும், அரை நிமிஷ வேலை. சொல்லவில்லை. பெரியவளே, அதற்காக இப்போதும் நான் வருத்தப்படவில்லை. அவர் போகிற ஊரில் பால்காரர் முதல் ஆபீஸ் வாட்ச்மேன் வரை எல்லோரும் அதையேதான் சொல்லப் போகிறார்கள். போயிட்டு வாங்கண்ணா, போயிட்டு வாங்கண்ணா என்று. கேட்டுக் கேட்டு அவரே தெரிந்துகொள்ளட்டும்.

சின்னவனே, கேரம் ஆடப் போ. மோட்டார் சுவிட்சை இப்போது யாரும் அணைப்பதில்லை, நீ பார்த்திருப்பாய். ஆடி முடித்துக் கிளம்பும்போது காக்கிமாவிடம் ஆஷி என்று சொல்லிவிட்டு வா. காக்கு போனதிலிருந்து அவர்கள் வீட்டில் அந்தச் சொல் குறைவாக இருக்கும்.